அம்மா ஊர் கீப்பர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு நண்பர் எழுதியிருந்தார், அப்பா ஒரு நாடு அம்மா ஒரு நாடு என்று இருக்கிற வீரர்களை இந்தியக் கால்பந்து அணிக்குக் கொண்டுவருவது குறுக்கு வழி, இங்கே செம்மண்ணில் முட்டி தேய ஆடுகிற பையனின் இடத்தை எங்கோ சொகுசாக வளர்ந்தவனுக்குத் தூக்கிக் கொடுப்பது என்று. அவர் கோபம் புரிகிறது. அந்த 'சொகுசு' என்ற வார்த்தைதான் உறுத்துகிறது. நான் கோவை மாவட்ட லீக்கில், அதுவும் கீழ் டிவிஷனில், 12 வருடம் கோல் போஸ்டுக்கு நடுவே நின்றவன். அப்பா பொள்ளாச்சிப் பக்கம், அம்மா பாலக்காடு. அதனால் எனக்கும் இதில் பேச கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

நீல் எதெரிட்ஜ் கதையை அந்த நண்பர் ஒருமுறை பார்க்கட்டும். 1990ல் லண்டனில் என்ஃபீல்டில் பிறந்த கோல்கீப்பர், அப்பா ஆங்கிலேயர், அம்மா பிலிப்பைன்ஸ்காரர். சிறு வயதில் செல்சி இளையோர் அணி, அப்புறம் 2006ல் லண்டனின் இன்னொரு கிளப்பான புல்ஹாம். கேட்க எவ்வளவு பெருமையாக இருக்கிறது! ஆனால் புல்ஹாமில் எட்டு வருடம் இருந்து சீனியர் அணிக்கு அவர் ஆடியது ஒரே ஒரு மேட்ச், 2011 டிசம்பரில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கில். மற்றபடி பெஞ்ச், இல்லாவிட்டால் பிரிஸ்டல் ரோவர்ஸ், க்ரூ என்று நான்காம் நிலை மூன்றாம் நிலை கிளப்புகளுக்கு இரவல். 2014ல் புல்ஹாம் கையை விரித்துவிட்டது, சில மாதம் கிளப்பே இல்லை. அப்புறம் ஓல்டம், சார்ல்டன், வால்சால். வால்சால் அப்போது இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அணி. இதில் சொகுசு எங்கே இருக்கிறது?

கீப்பரின் பிழைப்பே அப்படித்தான். பார்வர்டு ஆட்டக்காரனை ஓரமாகவாவது போட்டு ஆடவிடலாம், கடைசி பத்து நிமிடம் இறக்கலாம். கீப்பருக்கு ஒரே இடம். அணியின் முதல் கீப்பருக்கு அடிபட்டால்தான் நமக்கு வாய்ப்பு, அதை மனசுக்குள் வேண்டிக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அவன்தான் நமக்கு தினமும் பந்து அடித்துப் பழக்குகிறவன். நான் இரண்டு சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், மேட்சுக்கு மேட்ச் கிளவுஸ் மட்டும் துவைத்துக் காயப்போட்டபடி (ஆடாத கிளவுஸை எதற்கடா துவைக்கிறாய் என்று வீட்டில் கேட்பார்கள்).

அந்தக் காலத்தில் எதெரிட்ஜைக் கைதூக்கி விட்டது அம்மா ஊர்தான். புல்ஹாமில் ஆள் தெரியாத இளைஞனாக இருந்தபோதே 2008ல் பிலிப்பைன்ஸ் அவரை ஆடவைத்தது. 2010 டிசம்பரில் தென்கிழக்கு ஆசிய நாடுகள் ஆடும் ஆசியான் கோப்பையில், நடப்புச் சாம்பியன் வியட்நாமை ஹனோயிலேயே 2-0 என்று பிலிப்பைன்ஸ் சாய்த்த அன்று கோல் போஸ்ட்டில் நின்றவர் அவர்தான். 2017ல் கார்டிஃப் கிளப், அடுத்த வருடம் அந்த அணியோடு இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக். முதல் மேட்சில் போர்ன்மவுத்தின் பெனால்டியைப் பிடித்தார். அடுத்த வாரமே நியூகாசிலுக்கு எதிராக, ஆட்டம் முடிகிற தறுவாயில், இன்னொரு பெனால்டி. பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் பிலிப்பைன்ஸ் வீரர் அவர். பிலிப்பைன்ஸும் அவருக்குக் கொடுத்தது, அவரும் பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்தார். இதில் யார் இடத்தை யார் பறித்தார்கள்?

நம் நாட்டில் கதையே வேறு. 2008லிருந்து இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் நாட்டுக்காக ஆட முடியாது, இரட்டைக் குடியுரிமையும் கிடையாது. அரட்டா இசுமி, ஜப்பானியத் தாய்க்கும் குஜராத்தித் தந்தைக்கும் பிறந்தவர், ஜப்பான் குடியுரிமையையே விட்டுவிட்டுத்தான் 2013ல் இந்தியாவுக்கு ஆடினார். பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மனிதரைக் குறுக்கு வழி என்பீர்களா? ஏனுங்க, மனசாட்சி வேண்டாமா?

நண்பர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2019 மார்ச்சில் நம் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி, மினர்வா அணியை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால் நின்று இந்திய கிளப்புகளின் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியபோது நானும் கேலரியில் தொண்டை கட்டக் கத்தினேன். அந்த அணியின் கீப்பர் நௌசெட் சந்தானா ஸ்பெயின்காரர், நல்ல கீப்பர். ஆனாலும் ஓரமாக ஒரு நினைப்பு ஓடியது, நம் பக்கத்துப் பையன் ஒருவனை இந்த இடத்துக்கு ஏன் தயார் செய்ய முடியவில்லை என்று. கீப்பருக்குத் தனியாகப் பயிற்சியாளர் இருந்த அணி எதிலும் நான் ஆடியதில்லை. போத்தனூர், பொள்ளாச்சி, திருப்பூர் மைதானங்களில் அதைக் கேளுங்கள், சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். அதற்கும் ஒருவன் அம்மா எந்த ஊர் என்பதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் பழகியதுதான். கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் கோல் வாங்கினால் "மலையாளத்தான் விட்டுட்டான்டா" என்பார்கள். அந்தப் பக்கம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடப் போனால், நான் அம்மாவிடம் கற்ற மலையாளத்திலேயே தடுப்பாட்டக்காரர்களைச் சத்தம் போட்டாலும், கேலரியிலிருந்து "பாண்டி" என்று, தமிழனைக் கிண்டல் செய்யும் குரல் வரும். பந்தைப் பிடித்துவிட்டால் இரண்டு பக்கமும் எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை என் பெயர் பத்திரிகையில் வந்தது (உங்கள் பத்திரிகை இல்லை, பயப்பட வேண்டாம்). ஒரு நாக் அவுட் போட்டியில் இரண்டு பெனால்டி பிடித்திருந்தேன், 'பாலக்காட்டு கோல்கீப்பர் அபாரம்' என்று போட்டிருந்தார்கள். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் போத்தனூர். அம்மா படித்துவிட்டுச் சிரித்தார். அப்பா இரண்டு நாள் அந்தப் பேப்பரையே வாங்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய கோல்கீப்பர்,
போத்தனூர்.