வட்டத் திருக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தூர் வாருதல், படிக்கட்டுச் சீரமைப்பு, நீர்வரத்துக் கால்வாய் ஆகியவை குறைவின்றி முடிந்தன. கம்பித் தடுப்புக்கு மதிப்பீட்டில் 44 மீட்டர் என்று எழுதிவிட்டு 47.12 மீட்டருக்குப் பணம் கொடுத்தது ஏன் என்று பொதுக்குழுவில் பலர் கேட்டதால், அதை மட்டும் விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

குளத்தின் உள்விட்டம் 14 மீட்டர். விட்டத்தைப் பை (π) என்னும் மாறா எண்ணால் பெருக்கினால் சுற்றளவு வரும். 22/7 என்று கொண்டால் 44 மீட்டர். கரைச்சுவரின் உள்விளிம்பில் பதித்த முகப்புக் கற்களுக்கு இந்தக் கணக்கு சரியாகவே அமைந்தது. ஆனால் கம்பித் தடுப்பு நிற்பது வெளிவிளிம்பில். சுவரின் கனம் அரை மீட்டர் என்பதால், எதிரெதிரே இருபுறமும் சேர்த்து வெளிவிட்டம் 15 மீட்டராகிறது; அதை 3.1416 ஆல் பெருக்க 47.12 மீட்டர். இரண்டு வேலைக்கும் ஒரே அளவை எழுதியது குழுவின் பிழை. ஒப்பந்ததாரர் மீது அதில் குற்றமில்லை.

அரை மீட்டர் சுவருக்கு மூன்று மீட்டர் கம்பி கூடுமா என்று உறுப்பினர்கள் இன்று கேட்பதை அன்று நாங்களும் கேட்டோம். பட்டியலை நிறுத்தி வைத்தோம், வேலை நின்றது, இருதரப்பிலும் கடுஞ்சொற்கள் எழுந்தன. விட்டம் 1 மீட்டர் கூடினால், வட்டம் கிணற்றளவு சிறிதானாலும் ஏரியளவு பெரிதானாலும், சுற்றளவு 3.14 மீட்டர்தான் கூடும் என்பது எங்களுக்கு விளங்கச் சில நாட்கள் ஆயின.

கணக்கை மட்டும் நம்பி நாங்கள் பணம் கொடுக்கவில்லை. நடுவில் நீராழி மண்டபம் இருப்பதால் மையத்தின் வழியே நாடா பிடிக்க இயலாது. மண்டபத்துக்கு ஒதுங்கிப் பிடித்தால் கிடைப்பது விட்டத்தைவிடக் குறைந்த நாண்தான். ஆகவே வெளிச்சுற்றை இரும்பு நாடாவால் மூன்று முறை அளந்து, கிடைத்த 47.12 மீட்டரைப் பையால் வகுத்தோம். வெளிவிட்டம் 15 மீட்டர் என்றே வந்தது.

22/7 கொண்டு 47.14 மீட்டர் கேட்ட ஒப்பந்ததாரருடன் எஞ்சிய வழக்கு வெறும் 19 மில்லிமீட்டர். 22/7 பையைவிடச் சற்றுப் பெரியது என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் நிறுவியிருக்கிறார். கி.பி. 499இல் விட்டம் 20,000 என்றால் சுற்று 62,832 என்று கூறிய ஆரியபட்டரும் அதை அண்மை மதிப்பு என்றே குறித்தார். நாடா காட்டிய அளவுக்கே பணம் தருவோம் என்றோம், அவரும் இசைந்தார்.

முகப்புக் கற்கள் முழுவதையும் ஏற்ற குடும்பத்தார், கால்வாய்ப் பணியை ஏற்ற இளைஞர்கள், படிகளுக்குக் கல் தந்தவர்கள், கூலி பெறாமல் தூர் வாரியவர்கள், குறைந்துபோன 3.12 மீட்டர் கம்பியைக் கேட்ட அன்றே ஏற்றுக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி. உள்விட்டம், வெளிவிட்டம், இரண்டின் சுற்றளவு ஆகிய நான்கும் முதற்படிக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நாடா குழுவின் அறையில் இருக்கிறது. எவரும் கேட்டு வாங்கி அளந்து பார்க்கலாம்.