கட்டாயமில்லை என்றால் கேட்கவும் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்இடி பல்பு போட்டால் மீடியம் வேவ் ரேடியோ இரைகிறது என்று எங்கள் கடப்புறத்து வாசகர் ஒருவர் கேட்டதற்குச் சென்ற இதழில் பதில் தந்திருந்தீர்கள். "குறுக்கீட்டுச் சான்று கட்டாயமில்லை, அதைப் பொருட்படுத்த வேண்டாம். வயரில் ஃபெரைட் கிளிப் மாட்டுங்கள், இல்லையேல் எஃப்எம் கேளுங்கள்" என்பது அந்தப் பதில். குறுக்கீட்டுச் சான்று என்பது பல்பு ரேடியோவில் இரைச்சல் உண்டாக்காது என்பதற்கான சான்று; ஃபெரைட் கிளிப் என்பது வயரைக் கவ்வும் காந்தப்பொருள் வளையம். தங்கள் இதழை நம்பிப் பொருள் வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அதனால்தான் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

பல்பு அட்டைப்பெட்டியில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணோடு ஐஎஸ் 16102 பகுதி 1 என்று அச்சிட்டிருக்கும். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்கான சான்று அது. இரைச்சலைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. இரைச்சலுக்கு ஐஎஸ் 6873 என்று தனித் தரநிலை இருக்கிறது, ஆனால் பல்புத் தயாரிப்பாளர் விரும்பினால்தான் சோதிப்பார். வாங்குபவர் கேட்காவிட்டால் அவர் ஏன் விரும்பப் போகிறார்? தாங்களோ கேட்கவே வேண்டாம் என்கிறீர்கள். கட்டாயமில்லை என்பதால் பயனில்லை என்றாகிவிடாது. மின்னணுக் கருவிகளின் ரேடியோ இரைச்சலுக்காக ஜப்பானில் 1985-இல் தொடங்கிய விசிசிஐ முத்திரையும் விருப்பத்தின் பேரில் பெறுவதுதான். நம் நாட்டு மின்சிக்கன ஸ்டார் லேபிளும் 2006-இல் விருப்பமாகத்தான் வந்தது. பிறகுதான் 2010-இல் ஏசிக்கும் ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜுக்கும் கட்டாயமானது.

இரைச்சல் வரும் பல்புகளைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். மெயின்ஸ் நுழையும் இடத்தில், இரைச்சலை வெளியே விடாமல் வடிகட்ட, 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும், ஓரிரு மில்லிஹென்றி சோக்கும் இருக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் கெப்பாசிட்டருக்கான துளைகள் காலியாக இருக்கும். சோக்கின் இடத்தில் ஒரு கம்பித்துண்டை ஜம்பராகப் போட்டுச் சால்டர் வைத்திருப்பார்கள். உள்ளே டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று) 60 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆனால், அதன் 20-ஆவது ஹார்மோனிக், அதாவது இருபது மடங்கு அலை, 1200 கிலோஹெர்ட்ஸில் விழும். திருநெல்வேலி வானொலி நிலையத்தின் அலைவரிசை 1197 கிலோஹெர்ட்ஸ். மூன்று கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கை அங்கிருந்துதான் வருகிறது. பல்பு சூடேற அது நகர்ந்துகொண்டே போகும். வீட்டு வயரிங் முழுவதும் ஏரியலாகிவிடுவதால் பக்கத்து வீட்டு ரேடியோவும் தப்பாது.

ஃபெரைட் கிளிப் பல மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும். மீடியம் வேவில் ஒரே சுற்று மிகக் கொஞ்சம்தான் தடுக்கும். பெரிய ஃபெரைட் வளையத்தில் இரண்டு வயரையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் பலன் உண்டு, ஏனென்றால் பத்துச் சுற்றுக்கு இண்டக்டன்ஸ் நூறு மடங்கு. அடாப்டருக்கு இது சரி. ஹோல்டரில் மாட்டும் பல்புக்கு வயர் எங்கே இருக்கிறது, கிளிப் மாட்ட?

எஃப்எம் கேளுங்கள் என்றதுதான் மிகவும் வருத்தியது. கரை மறைந்து கொஞ்ச தூரம் போனால் எஃப்எம் அற்றுவிடும். மீடியம் வேவ்தான் உப்புநீரின் மேல் வெகுதூரம் வரும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்த பிறகும் தூத்தூர், வள்ளவிளை மீனவர்களிடம் இப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது? போட்டில் மாட்டும் எல்இடி விளக்குகள் விஎச்எஃப் வயர்லெஸ்ஸையே கெடுக்கும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரித்திருக்கிறது. சோதிப்பது எளிது. விளக்கை அணைத்து, ஆளில்லாத சானலில் இரைச்சல் அடங்கும் இடம் வரை மட்டும் ஸ்குவெல்ச்சை (வெற்று இரைச்சலை அடக்கும் திருகு) திருப்பி நிறுத்த வேண்டும். பிறகு விளக்கைப் போட்டதும் இரைச்சல் திறந்தால் குற்றவாளி அந்த விளக்கே. 16-ஆம் சானலில் வரும் அபயக்குரலும் அதில் அமுங்கிவிடும்.

இது முதல் முறையும் அல்ல. ஃபேன் ரெகுலேட்டர் இரைச்சலை இபி லைன் கோளாறு என்று முன்பு எழுதினீர்கள். லைனில் தீப்பொறி என்றால் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது, மழை பெய்தால் பெரும்பாலும் அடங்கும். ரெகுலேட்டரைத் திருப்பத் திருப்ப மாறும் உறுமல், அதனுள் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் டிரையாக்கின் வேலை. கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டருக்கு மாற்றினால் போய்விடும். இன்னொரு முறை 'சிஇ முத்திரை இருந்தால் போதும்' என்றீர்கள். அது ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிப்பாளர் தானே தரும் உறுதிமொழி. களியக்காவிளைக் கடைத்தெருவில் வாங்கும் பெட்டியில் அந்த இரண்டெழுத்தை யாரும் அச்சடித்துவிடலாம். தங்கள் இதழில் வானொலி நிகழ்ச்சி நிரல் வெளியிடுவதை நிறுத்தியபோதும் பொறுத்துக்கொண்டோம்.

கேட்பது சிறிய காரியம். அடுத்த இதழில் அதே பக்கத்தில் இந்தச் சோதனையை வெளியிடுங்கள்: பேட்டரியில் ஓடும் ரேடியோவை 1197-க்குப் பக்கத்தில் நிலையமில்லாத இடத்தில் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்து இரைச்சலைக் கவனிக்க வேண்டும், பிறகு மெயினைப் போட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதில் இரைச்சல் ஏறுகிறதோ அந்தப் பல்பைப் பில்லோடு கடைக்காரரிடம் கொண்டுபோய், இரைச்சல் சோதனை செய்த பல்பு கேட்க வேண்டும். 'பொருட்படுத்த வேண்டாம்' என்ற வரியை வாபஸ் பெறுவதாகவும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்