கார்த்தி போகிற காளான் சடங்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்றதும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பேரன் ஊருக்குப் போனதிலிருந்து சரோஜாவுக்குத்தான் வீடு வெறிச்சென்று இருக்கிறதாம்.

கார்த்தி விஷயத்துக்கு வருகிறேன். நெதர்லாந்தில் ஏதோ காளான் சடங்கு முகாமுக்குப் போகப்போகிறான் என்று பயந்து எழுதியிருந்தாயே. நெதர்லாந்தில் போதைக் காளானை 2008-இலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால் அதே வகையில் மண்ணுக்கடியில் திரளும் ட்ரஃபிள் என்ற கட்டிக்குத் தடையில்லை. ஆக, முகாம் சட்டப்படி சரிதான். நீ போதையை நினைத்துப் பயப்படுகிறாய். எனக்கு உறுத்துவது, 'மசாட்டெக் மரபுச் சடங்கு' என்று முகாம்காரர்கள் போட்டிருக்கிற விளம்பரம்.

மசாட்டெக் மக்கள் மெக்சிகோவில் ஓஹாகா மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே ஊவாட்லா என்ற ஊரில் மரியா சபினா என்றொரு வைத்தியக்காரி இருந்தார். நோயாளி வந்தால், இருட்டில் உட்கார்ந்து காளானைத் தின்று விடியவிடியப் பாடுவார். நோயின் காரணம் அதில் தெரியவரும். நோவில்லாதவனுக்கு அங்கே வேலையில்லை. நம் ஊர்க் கோடாங்கியை வேடிக்கைக்காக யாராவது உடுக்கடிக்கச் சொல்வார்களா?

1955-இல் கார்டன் வாசன் என்ற நியூயார்க் வங்கி அதிகாரி அங்கே போய்ச் சேர்ந்தார். காளான் என்றால் அவருக்கு அப்படியொரு பித்து. தன்னையும் சடங்கில் சேர்த்துக்கொள்ளும்படி ஊர் அதிகாரி ஒருவரை வைத்து மரியாவிடம் கேட்கச் செய்தார். அதிகாரி சொல்லும்போது அந்த அம்மாள் எப்படி மறுப்பார்? வந்தவர்களுக்கு நோய் எதுவும் இல்லை, கடவுளைத் தேடி வந்தார்கள் என்று பிற்பாடு மரியாவே சொல்லியிருக்கிறார். வெளியே காட்டக்கூடாது என்ற பேச்சோடு எடுத்த படங்கள் 1957-இல் 'லைஃப்' பத்திரிகையில் வந்தன. பெயரை மாற்றிப் போட்டார், சரி. முகத்தை என்ன செய்வது?

அப்புறம் காளானைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள், அவர்கள் பின்னாலேயே போலீஸ், ராணுவம். ஊர்க்காரர்கள் பழியை மரியா மேல் போட்டார்கள். அவர் வீட்டை யாரோ கொளுத்தினார்கள். அந்நியர்கள் வந்த பிறகு காளானின் சக்தியே போய்விட்டது என்றார் அவர். 1985-இல் வறுமையில்தான் இறந்தார். தன்னால் வந்த வினையை நினைத்து வாசனும் பின்னாளில் வருந்தி எழுதினார். அதனால் மரியாவுக்கு என்ன லாபம்?

இத்தனைக்கும் மரியா எதையும் பொத்திப் பொத்தி வைத்தவர் இல்லை. காளானில் மயக்கம் தருகிற சிலோசைபின் என்ற பொருளைப் பிரித்தெடுத்த சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1962-இல் அதன் மாத்திரையோடு வந்தபோது, இதிலும் அதே சக்தி இருக்கிறது என்று சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். காளான் கிடைக்காத காலத்திலும் வைத்தியம் பார்க்கலாமே என்பது அவர் கணக்கு. அதனால் மருந்து யார் கைக்குப் போனாலும் எனக்குப் புகாரில்லை. நோயாளியை விட்டுவிட்டு, இந்த முகாம்காரர்கள் பாட்டையும் தூபத்தையும் மட்டும் எடுத்துப் போய்க் கட்டணம் வசூலிக்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. 'மரியாதையோடு செய்கிறோம்' என்பார்கள். மரியாதை வாசனுக்கும் நிறைய இருந்தது.

கார்த்தியைத் திட்டாதே, எதிர்த்துக்கொண்டு போவான். முகாம் நடத்துபவர் அந்தப் பாட்டை யாரிடம் கற்றார், வாங்குகிற பணத்தில் ஊவாட்லாவுக்கு ஏதாவது போகிறதா என்று மட்டும் கேட்டுப் பார்க்கச் சொல். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுது.

தைப் பொங்கலுக்கு இங்கே வருகிறாயா இல்லையா? ரயில் டிக்கெட் இப்போதே போட்டால்தான் கிடைக்கும்.

அன்புடன்,
சண்முகம்