மறுகா என்ன நடந்த?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் குடும்ப நாவல்களையும் அவற்றை வாசித்து அழும் பெண்களையும் நையாண்டி செய்து வந்த கட்டுரையை வாசித்தேன். காதல், பிரிவு, மூடி மறைத்த ஒரு ரகசியம், கடைசியில் ஒரு மறுவாழ்வு, இந்த நாலும் இருந்தால் நாவல் தயார் என்கிறார் கட்டுரையாளர். அதில் பாதி சரி. மற்றப் பாதியில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

நான் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாவியின் மறுகரை மண்டூர்ப் பக்கமிருந்து பாதை என்கிற மிதவையில் ஏறிக் குறுமண்வெளித் துறைக்கு வந்து இந்த நாவல்களை எடுத்துப் போன பெண்களை எனக்குத் தெரியும். வயல் வேலை, தையல், கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிற வேலை என்று நாள் முழுக்க நிமிர நேரமில்லாதவர்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து ஒருவர் சிரிக்கிறார் என்றால் அவர் இந்த மாவட்டத்தில் 1990ஐ மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பேன். அந்த வருசம் செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவரும் வீடு திரும்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முந்தித்தான் காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். 2004இல் கடல் வந்து நாவலடியையும் கல்முனைக் கரையையும் துடைத்துப் போனது. செத்த வீடு கொண்டாடி வாய்விட்டு அழ ஒரு உடல்கூடக் கிடைக்காதவர்கள் எங்கள் வாசகிகளில் பலர். அவர்கள் கதைப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அழட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?

ஆனால் ஒன்று. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அழுகிறவர்கள் இல்லை. திரும்பி வரும் புத்தகங்களைத் தட்டி ராக்கையில் வைக்கும்போது ஓரங்களில் பால்பொயின்ற் பேனாவால் கிறுக்கியிருப்பதைப் பார்ப்பேன். நூலக விதிப்படி தண்டம் அறவிட வேண்டிய குற்றம், நான் பார்க்காதது மாதிரி விட்டுவிடுவேன். ஒரு நாவலில் குடிகாரக் கணவன் மனைவியின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறான். பக்கத்தில் ஒருத்தி, “இவன் திருந்த மாட்டான்” என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், “அடுத்த நிவாரணக் காசு வரைக்கும் திருந்துவான்.” இதைவிட நல்ல விமர்சனம் உங்கள் இதழில் வந்து நான் வாசித்ததில்லை, கோபிக்க வேண்டாம்.

என் குறை, இந்த நாவல்கள் நிற்கிற இடத்தில்தான். கணவன் செத்துவிட்டான் என்று எண்ணி மறுகலியாணம் செய்தவளின் வாசலில் அவன் ஒரு நாள் வந்து நிற்கிறான். எல்லோரும் அழுகிறார்கள், ஒருவர் விட்டுக்கொடுக்கிறார், கதை முடிகிறது. அப்படி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்த தையல்காரப் பெண் என்னைக் கேட்டாள்: “அவன் வந்து நிண்டுற்றான், செரி. மறுகா என்ன நடந்த? அவள் ஆரோட இருந்த? புள்ளையள் ஆரை அப்பா எண்டு கூப்பிட்ட? அந்த ஊடு ஆர்ர பேர்ல?”

மறுகா என்றால் பிறகு. இதில் கடைசிக் கேள்வி வெளியூர் வாசகர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணம் பேசும்போதே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் ஓரமாக ஒரு கொட்டிலைப் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவர். முஸ்லிம் ஊர்களிலும் இதே வழக்கம்தான். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளைப் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயருக்கு எழுதினார்கள். தாய் வழியாக வந்த வளவைக் கடல் கொண்டுபோக, அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு மருமகன் பேருக்குப் போனது. மனைவியை இழந்த அந்த மருமகன் இன்னொருத்தியைக் கட்டினால் பேரப்பிள்ளைகள் எந்தத் திண்ணையில் படுப்பார்கள்? மறுமணம் செய்ய நினைக்கிற கைம்பெண்ணுக்கு வயது வந்த மகள் இருந்தால் அந்த வீடு யாருக்கு? ஒரு பெட்டிக்குள் கிடக்கும் உறுதிக் கடதாசியை வைத்து முந்நூறு பக்கம் எழுதலாம். காதலும் அதற்குள் வரும், சண்டையும் வரும். ஆனால் நமது நாவல்களில் வீடு என்பது கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்கு மட்டும்தான்.

காணாமற்போனவரின் மனைவி கதை இன்னும் சிக்கல். 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்குக் காணாமற்போனவர் என்றே பதிந்து சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். அதற்கு முந்தி, செத்தார் என்று கையெழுத்துப் போட்டால்தான் பல காரியம் நடக்கும். அந்தக் கையெழுத்தைப் போட்டவளும் போடாதவளும் ஒரே வீட்டில் மருமகளும் மாமியாருமாக இருந்தால்? மருமகளுக்கு வயது முப்பது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, காசு தேவை. மாமியார் மகன் வருவான் என்று சோறு எடுத்து வைக்கிறவள். இதில் கெட்டவர் யாரும் இல்லை. கெட்டவர் இல்லாமல் எழுத எங்கள் தொடர்கதைக்காரர்களுக்குக் கை வராது என்பது வேறு விசயம்.

ரகசியம் என்கிறார்களே, அதுவும் அப்படித்தான். நாவலில் அது பழைய டயறியிலோ சாகிற கிழவியின் வாயிலோ இருந்து கடைசி அத்தியாயத்தில் வெடிக்கும். எங்கள் ஊர்களில் குடும்ப ரகசியம் ஊருக்கே தெரியும், தண்ணி அள்ளப் போகிற இடத்தில் பேசுவார்கள், வீட்டுக்குள் மட்டும்தான் பேசமாட்டார்கள். எந்தப் பிள்ளை யாருடையது, எந்த அண்ணன் யாரைக் காட்டிக் கொடுத்தான் என்றெல்லாம் தெரிந்துகொண்டே ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுகிறார்கள். எழுதக் கடினமானது அந்தச் சாப்பாடுதான்.

சுனாமியில் தப்பி, கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆம் இலக்கத்தில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை நினைவிருக்கும். பல பெற்றோர் உரிமை கேட்டதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை முடிவு வந்தது, குழந்தை பெற்றவர்களிடம் போனது, செய்தியும் முடிந்தது. செய்தி அங்கே முடியலாம், பிழையில்லை. நாவலாசிரியரும் அங்கேயே பேனாவை மூடினால் எப்படி? அந்தக் குடும்பத்தைச் சொல்லவில்லை, அவர்களை நிம்மதியாக விட்டுவிட வேண்டும். கடலில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு, இன்னொரு பிள்ளையின் முகத்தில் தன் பிள்ளையைக் கண்ட ஒரு தாயைக் கற்பனை செய்யுங்கள். தீர்ப்புக் கேட்டு வீட்டுக்கு வந்த அந்த இரவு அவள் என்ன சமைத்தாள்?

இப்படிக் கதை சொல்லத் தெரியாத ஊரும் அல்ல இது. வைகாசியில் செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடப்பதைப் பாருங்கள். கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை படிக்கிறபோது கோவலன் கொலைப்படுகிறான், மதுரை எரிகிறது. எரிந்தவுடன் யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. கல்யாணக்கால் வெட்டி வந்து நட்டு அவளுக்குக் கலியாணம் செய்து பார்க்கிறார்கள், பொங்குகிறார்கள், கடைசியில் குளிர்த்தி பாடி அவள் கோபத்தை ஆற்றுகிறார்கள். ஒரு வருசம் ஆற்றியது போதாது என்று அடுத்த வருசமும் ஆற்றுகிறார்கள். எங்கள் நாவல்களில் நெருப்பு இருக்கிறது, குளிர்த்திக்குப் பக்கம் ஒதுக்குவதில்லை.

எல்லோரையும் ஒரே கணக்கில் போடவில்லை. அக்கரைப்பற்றுச் சந்தைப் பெண்களை வைத்து விமல் குழந்தைவேல் எழுதிய ‘கசகறணம்’ மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தால் எங்கள் வாசகிகள் அதையும் அழுது, சிரித்து, பேச்சு எங்கள் பேச்சாகவே இருக்கிறது என்று சொல்லித்தான் திருப்பித் தருவார்கள். கட்டுரையாளர் நினைப்பதுபோல அவர்களுக்கு ருசி தெரியாமல் இல்லை, கிடைப்பதைத்தான் வாசிக்கிறார்கள்.

அடுத்த மாதம் உங்கள் இதழில் புதுத் தொடர்கதை வரப்போவதாக விளம்பரம் பார்த்தேன். கைம்பெண் ஒருத்தியின் மறுமணக் கதையாம். கலியாணத்தை முதல் வாரமே நடத்தி முடித்துவிடச் சொல்லுங்கள். அப்புறம், போன தொடரின் எழுத்து மிகவும் பொடியாக இருந்தது. கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை, கொஞ்சம் பெரிதாக்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகப் பணியாளர்,
மட்டக்களப்பு எழுவான்கரை