மட்டி வாய் மூடிக் கிடக்குது, மச்சான்

அன்பின் மச்சான்,

பதில் போடாமல் விட்டதற்குக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய். காலபோக வயல் வேலை, மருமகளின் கலியாணம் என்று வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். கட்டையனும் சுகம், வாங்கின காசைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவனுக்குக் காது கேளாது.

இப்போது எழுதுவது ஒரு கிணற்றைப் பற்றி. சிரிக்காதே. முல்லைத்தீவில் நாயாற்றுப் பக்கம் மைத்துனர் ஒரு காணி வாங்கினார். கடலில் இருந்து ஒரு கட்டைக்கு (மைலுக்கு) மேல் உள்ளே, மணல் திட்டி. அதில் கிணறு வெட்டினார்கள். எங்கள் பக்கம் நிலத்தைத் தோண்டும்போது வேறு ஏதும் வந்துவிடுமோ என்று எல்லாரும் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்போம். நான் சொல்லவேண்டியதில்லை. ஆளுயரம் மணல் போனதும் கறுத்தச் சேறு, சேறு நிறைய மட்டிச் சிப்பி. மைத்துனருக்கு அப்போதுதான் முகத்தில் இரத்தம் வந்தது.

வேலைக்கு வந்த பெடியன், "சுனாமி கொண்டுவந்து போட்டது ஐயா" என்றான். 2004 இல் அவன் பிறந்தேயிருக்க மாட்டான், ஆனாலும் எங்கள் கரையில் யாருக்கும் முதலில் அதுதான் வாயில் வரும். அலை அள்ளிவந்த சிப்பி என்றால் உடைந்து, பல சாதி கலந்து, மணலோடு கிடக்கும். மனிதர் தின்று எறிந்ததென்றால் ஓடுகள் பிரிந்திருக்கும், கரியும் சட்டித் துண்டும் கூடவே வரும். இதுவோ இரண்டு ஓடும் பிரியாமல், வாய் மூடி, சேற்றுக்குள் நிமிர்ந்து நிற்கிறது. அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்த மட்டி. அப்படியென்றால் அந்தத் திட்டிக்குக் கீழே ஒரு காலத்தில் களப்பு இருந்திருக்கிறது, அதுவும் இன்றைய தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில்!

பனி உருகினால் கடல் ஏறும் என்று எங்கள் பூமிசாத்திர வாத்தியார் ஒரே வரியில் முடித்துவிடுவாரே, அது பாதிக் கதை. 20,000 ஆண்டுக்கு முன் கடல் இன்றைக்கு 120 மீட்டர் கீழே கிடந்தது, மன்னாரில் இருந்து இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு ஏறியது. ஆனால் சுவீடனில் பார், பழைய கடற்கரை மலையின் மேல் இருக்கிறது. பொத்னியா வளைகுடா ஓரம் 286 மீட்டர் உயரத்தில் அலை அடித்த கல் கிடக்கிறது. அங்கே கடல் ஏறவில்லை, தரைதான் எழும்பியது. கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தடிப்பான பனி அமுக்கி வைத்த தரை, பாரம் போனதும் எழும்பத் தொடங்கி, இன்றும் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் அளவில் எழும்பிக்கொண்டே இருக்கிறது. 1731 இல் செல்சியஸ், அதே வெப்பமானிக்காரர்தான், நீர்மட்டத்தைப் பாறையில் கோடு வெட்டி வைத்தார். தண்ணீர்தான் வற்றுகிறது என்று அந்த மனிதர் நினைத்தார்.

எங்களுக்குப் பனியுமில்லை, எழும்பத் தரையுமில்லை. அப்படியிருக்க மட்டி எப்படி மேலே வந்தது? விடை நீ இருக்கிற கனடாப் பக்கம் இருக்கிறது. பஞ்சு மெத்தையில் நீ உட்கார்ந்தால் (உன் இப்போதைய படத்தைப் பார்த்தேன்) கீழே குழியும், சுற்றிவரப் புடைக்கும். கனடாவின் பனியும் தரையை அப்படித்தான் புடைக்க வைத்தது. பனி போனபின் கடலடியில் இருந்த அந்தப் புடைப்புகள் மெல்ல அமுங்கின, அந்தப் பள்ளத்தை நிரப்ப எங்கள் பக்கத்துச் சமுத்திரங்களில் இருந்து தண்ணீர் போனது. அதனால் ஏறத்தாழ 6,000 ஆண்டுக்கு முன் எங்கள் கடல் இன்றைய மட்டத்தைவிட ஓரிரு மீட்டர் உயர்ந்து நின்றுவிட்டுப் பிறகு இறங்கியது. தெற்கே ஹுங்கம பக்கம் உள்நாட்டில் கிடக்கும் சிப்பிப் படுக்கைகளைக் கதிர்க்கரிமத்தால் கணித்தபோது அந்தக் காலத்தை ஒட்டித்தான் வயது வந்தது. நாயாற்றுத் தண்ணீரையும் நீங்களே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள் என்பது என் முறைப்பாடு.

வயது பார்ப்பது லேசில்லை. கதிர்க்கரிமம் என்கிற கரிமம் 14 பாதியாகக் குறைய எடுக்கும் காலம், அதுதான் அரை ஆயுள், 5,730 ஆண்டு, அது நல்ல கணக்குத்தான். ஆனால் கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால் அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் உயிரோடு பிடித்த மட்டிகூட ஏறத்தாழ நானூறு வயது சொல்லும். அதைக் கழிக்கவேண்டும், கழிக்கிற அளவும் கடலுக்குக் கடல் மாறும். மேலே உள்ள மணலுக்கு வேறு வழி: மணல் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று ஒளிர்வு முறையில் பார்க்கலாம். வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இரண்டு பக்கமும் மூடி எடுக்கவேண்டும். எங்கள் இரணைமடுவின் பெயர் வைத்த செம்மண் படிவத்தைத் தெற்கே புந்தலவில் அந்த வகையில்தான் கணித்து, ஏறத்தாழ 1,25,000 ஆண்டு வரை போனார்கள். கரிமம் 50,000 ஐத் தாண்டாது. உயரத்தையும் ஒழுங்காக அளக்கவேண்டும். நாங்கள் தேடுவதே ஓரிரு மீட்டர், போன் காட்டுகிற உயரத்தில் பிழையே அதைவிட அதிகம்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், திட்டியின் மறுபாதியை டிப்பர் ஏற்றிக்கொண்டு போகிறது. பகலில் அனுமதிப் பத்திரம் காட்டுகிறார்கள், இரவில் மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கும். மணல் யாருக்கு வேண்டாம், எங்கள் வீட்டுக்கும் வேண்டும்தான். ஆனால் படை படையாகக் கிடந்த கரையை வெட்டிக் குழைத்து எங்கோ அத்திவாரத்தில் கொட்டியபின் யார் வந்து என்ன கணிக்கிறது? சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிப் பார்த்தேன். "மட்டிக்கு முறைப்பாடு எடுக்கிறதில்லை" என்று சிரித்தார்கள்.

அதனால் உன் மகளிடம் கேள். அவள் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட ஆய்வுகூடம் இருக்குமா, ஒரு மாதிரிக்கு எவ்வளவு காசு, குழாய் என்ன தடிப்பு, மட்டியைக் கழுவலாமா கூடாதா. நான் கழுவாமல் சேற்றோடு கட்டி வைத்திருக்கிறேன், வீட்டில் மணத்துக்குச் சண்டை. நீயும் ஒருக்கால் உங்கள் ரொறன்ரோவின் டாவன்போர்ட் சாலைப் பக்கம் போய்ப் பார். சாலைக்கு மேலே நிற்கிற அந்த மேடு, 13,000 ஆண்டளவுக்கு முன் பனி வழி மறித்ததால் தேங்கிய இறொக்குவா ஏரியின் கரை. ஒரே மட்டமாக இருந்த கரை, பனிப் பாரம் போய்த் தரை எழும்பியதில் இன்று வடகிழக்கே போகப் போக உயர்ந்து கிடக்கிறது. இத்தனை வருடம் அதன் அடியில் பஸ் எடுத்திருப்பாய்.

மழைக்கு முன் பதில் போடு. பெரியம்மாவின் மருந்து கிடைத்தது, அடுத்த முறை சின்னப் பெட்டியாக அனுப்பு.

அன்புடன்,
உன் மொட்டை