மாலைக்கும் அனுமதிக் கடிதமா?

மட்டக்களப்புக் கரைக்கும் கடலுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலமீன்மடுவில் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவன் நான். கடந்த ஏப்ரல் 7 முதல் 9 வரை, ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு உங்கள் கந்தோர் வாங்கில்களில் மாறிமாறிக் குந்தியிருந்தவனும் நான்தான். முகம் மறந்திருக்காது.

இரண்டாம் உலகப்போரில் மூழ்கடிக்கப்பட்ட பிரித்தானியக் கடற்படையின் ஹெர்மிஸ் கப்பலின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள், 307 உயிர்கள். விமானந்தாங்கி என்று பெயர், அன்று அதில் பறக்க ஒரு விமானமும் இருக்கவில்லை. இறந்தவர்களில் ஒருவர் இந்த அம்மாவின் பெரியப்பா. வயது பத்தொன்பது. பெயரைப் பிளிமத் நகரிலுள்ள கடற்படை நினைவுத்தூணில் பொறித்திருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை. கப்பல் நம் கரைக்கு வெளியே, ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது.

அவர் கேட்டது, என் வள்ளத்தில் அந்த இடத்துக்குப் போய் ஒரு மாலையைக் கடலில் விடுவதற்கு. அவ்வளவுதான். முதல் கந்தோர் அடுத்ததைக் காட்டியது; அடுத்தது முதலாவதின் கடிதத்தைக் கேட்டது. பிறகு பார்த்தால், கையெழுத்து வைக்க வேண்டியவர் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

மாலையை ஏழாந்திகதி காலையிலேயே கோயில் வாசலில் வாங்கிவிட்டோம், அன்றே போய்விடலாம் என்ற நம்பிக்கையில். அலரியும் துளசியும் சேர்த்துக் கட்டியது. வாழையிலையில் சுற்றி, இரண்டு இரவும் விடுதிக் குளியலறையில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். ஒன்பதாந்திகதி பிரித்தபோது இதழெல்லாம் கருகி நூல் தெரிந்தது. புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார். பின்னேரம் முழங்காலளவு தண்ணீரில் நின்று அதை விட்டார். அலை திருப்பிக் கொண்டுவந்து அவர் காலடியிலேயே போட்டது. மறுபடி விட்டார், மறுபடி வந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த பொடியன் ஒருவன்தான் எழுந்துவந்து, மாலையை வாங்கி, அலை உடைகிற இடம் தாண்டி நீந்திப்போய் விட்டுவந்தான்.

அதே இடத்துக்கு நான் வலையோடு போனால் ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. மாலை அவ்வளவு ஆபத்தான சாமானா, ஐயா? கீழே இறங்கவோ, கப்பலின் இரும்பைத் தொடவோ அவர் கேட்கவில்லையே.

உடல் இல்லாத சாவீடு எங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இங்கே கடலோரத்து நாவலடியில் வெறும் படத்தை வைத்துக் கிரியை செய்தவர்கள் இருக்கிறார்கள். கரையில் பூப்போட அன்று யாரும் கடிதம் கேட்கவில்லை. முகத்துவாரத்தை மணல் மூடுவதைப் பற்றி நான் எழுதிய கடிதங்கள் எந்த மேசையில் கிடக்கின்றனவோ, அதற்கும் பதில் இல்லை. அதை விடுகிறேன், இன்றைக்கு எழுத வந்தது அதற்காக அல்ல.

நான் கேட்பது இதுதான்: இறந்தவருக்குப் பூப்போட வருகிறவர்களுக்கு ஒரே கந்தோரில், ஒரே நாளில் அனுமதி கொடுங்கள். கடவுச்சீட்டைப் பாருங்கள், வள்ளத்தின் இலக்கத்தைப் பதியுங்கள், வேண்டுமானால் உங்கள் ஆள் ஒருவரையும் ஏற்றிவிடுங்கள். ஆனால் ஒரே கந்தோர், ஒரே நாள்.

அடுத்த ஏப்ரலில் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவதாக அந்த அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்த மேசைக்கு வர வேண்டும் என்பதைத் தயவுசெய்து மாசி மாதத்துக்குள் அறியத்தாருங்கள். இந்த முறை மாலையை அனுமதி கிடைத்த பிறகே வாங்குவோம்.

இப்படிக்கு,
பாலமீன்மடு மீனவன் ஒருவன்