பிள்ளையார் கோயில் குளம் தூர்வாரிய திருப்பணி: நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

துருசுக் கதவு (வயலுக்கு நீர் விடும் மதகின் கதவு) மாற்றியாயிற்று. அலை மோதும் உட்கரையான அலைகரைக்குக் கல் பதித்து, மிகைநீர் வழியும் வானும் பூசியாயிற்று. இவற்றில் எவருக்கும் குறையில்லை.

கேள்வி எல்லாம் வண்டலைப் பற்றியதுதான். வெளியே விற்றிருந்தால் மண் அள்ளிய பெக்கோ இயந்திரத்தின் கூலி முழுதும் வந்திருக்குமே, சபை ஏன் மறித்தது?

மறித்தது சரியென்றே இன்றும் சொல்கிறோம். வயல் மண்ணில் பயிருக்கு வேண்டிய நைதரசன் போனாலும் காற்றிலிருந்து மீளும். சணல் விதைத்தால் வேர்முடிச்சு பிடித்துத் தரும். பொசுபரசுக்கு அந்த வழி இல்லை. பாறை கரைந்து மண்ணுக்கு வருவது, அறுப்பில் நெல்லோடு போகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு மாரிவெள்ளத்தில் மண்ணோடு ஒட்டிக் குளத்தில் அடங்குகிறது. எப்பாவலையில் வெட்டும் பொசுபரசுப் பாறையின் தூள் இருக்கிறதே என்றார்கள். அது கரையச் சுணங்கும். தென்னைக்குச் சரி, மூன்றரை மாத நெல்லுக்கு எட்டாது. 2021 இல் இரசாயன உரம் தடைப்பட்டு, உரமில்லாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, மேட்டுக்காணிகளில் இருந்து கழுவுண்டு வந்ததை லோட் கணக்கில் விற்க மனம் வரவில்லை.

ஒப்பந்தகாரருடனான பிணக்கு. கரிய வண்டல் முடிந்து மஞ்சள் களி தெரிந்ததும் நிறுத்துவதென்றே பேச்சு. அந்தக் களிதான் குளத்துத் தண்ணீரைத் தாங்குவது. கிழித்தால் கோடையில் செய்யும் சிறுபோக நெல்லுக்கு நீர் மிஞ்சாது. வடக்கு மூலையில் அவர் ஒன்றரை அடி கூட இறக்கிவிட்டார். களி கொண்டுவந்து, அரை அடிக்கு ஒருதரம் நனைத்து, உருளை ஓட்டி மூடினோம். மதிப்பீட்டை மீறிய செலவு இது ஒன்றே. கூடத் தோண்டிய ஆழத்துக்கும் காசு கேட்டார், கொடுக்கவில்லை.

அள்ளிய வண்டலை அங்கத்தவர் வயல்களுக்கே கொடுத்தோம். ஏக்கருக்கு ஒரு அங்குலம் பரப்பவே 36 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) வேண்டும். அதனால் மணற்பாங்கான காணிகளுக்கு முதலிடம் கொடுத்தோம். கிடைக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். அள்ளிய சேறு கூழ்முட்டை மணக்கும். காற்றுப்படாமல் கிடந்தது அது. உடனே உழவேண்டாம். இரண்டு கிழமை காயட்டும். கட்டியை உடைத்தால் உள்ளே நத்தை ஓட்டைச் சுற்றிய சாம்பல் நிறமும் பழுப்பாகியிருக்க வேண்டும்.

வைக்கோலை எரிக்கவும் வேண்டாம். நைதரசன் புகையோடு போய்விடும். பொற்றாசியம் சாம்பலில் நின்றாலும் மழை அடித்துப் போகும். விதைப்புக்கு மூன்று கிழமை முன்னரே மடக்கி உழுங்கள். பிந்தினால் அதை உக்கவைக்கும் கிருமிகள் நைதரசனைத் தமக்கு எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும்.

நெல் மூடை தந்த கீழ்வாய்க்கால் வீட்டார், உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும் விட்ட மேட்டுத்தெருப் பிள்ளைகள், டீசல் தந்த கடைக்காரர், கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் அனுப்பிய உறவுகள், பத்து நாளும் சோறு சமைத்த மாதர் சங்கத்தார் எல்லோருக்கும் நன்றி.

பற்றுச்சீட்டுகளும் கணக்குக் கொப்பியும் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் இருக்கும். வந்து பாருங்கள்.

திருப்பணிச் சபையினர்